பொட்டு வைத்த பம்பு

செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் வீரமுத்து, களை மருந்து கலக்கும்போது யாரும் பக்கத்தில் நிற்கக்கூடாது என்பது சட்டம். சட்டம் போட்டவரும் அவர்தான். நீல டிரம்மில் தண்ணீரை நிரப்பி, கேனிலிருந்த பழுப்பு மருந்தை ஊற்றி, கடைசியாகச் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து வெள்ளைத் தூளைத் தட்டிவிடுவார். பிறகு ஒரு செம்பனை மட்டையால் கிண்டுவார். அது என்ன தூள் என்று யாராவது கேட்டால், "அடிக்கிறதுதானே ஒனக்கு வேல? சமையலா பண்ணப் போற?" என்பார். பெண்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு வரிசையாக வந்து பம்பில் மருந்தை நிரப்பி முதுகில் ஏற்றிக்கொள்வார்கள்.

அன்று காலை முதல் பம்பு தீருவதற்குள்ளேயே ராசம்மாவுக்கு மூக்கில் ரத்தம் வந்துவிட்டது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு, தலையைக் கொஞ்சம் அண்ணாந்தபடியே மரத்தைச் சுற்றி அடித்தாள். அடுத்த வரிசையில் வந்துகொண்டிருந்த காளியம்மா பார்த்துவிட்டாள்.

"திரும்பவும் வந்திருச்சா? கிளினிக்குக்குப் போனியே, டாக்டர் என்னா சொன்னாரு?"

"மருந்தடிக்கிறத விட்டுறச் சொன்னாரு."

"விட்டுட்டு?"

"அத அவரு சொல்லல."

காளியம்மா வாய்விட்டுச் சிரித்தாள். ராசம்மாவும் சிரித்தாள். ஆனால் விட்டுவிட்டு என்ன செய்வது என்பதற்கு அவளிடம் பதில் இருந்தது. அந்தப் பதில் கால்வாய்க்கு அந்தப் பக்கம், இடுப்பளவு உயரத்தில், வெள்ளை வெள்ளையாய்ப் பூத்து நின்றுகொண்டிருந்தது.

அது பழைய தமிழ்ப்பள்ளித் திடல். பள்ளிக்கூடம் லாயாங் லாயாங் டவுனுக்குப் போன பிறகு லாலான் புல் மண்டிக் கிடந்தது. பசுங்கரம் என்று ஒரு திட்டம் வந்தபோது தோட்டத்து ஆபீஸ் அந்தத் திடலைக் கொடுத்தது. மருந்தடிக்கும் பெண்களுக்கு ஆளுக்கு ஒரு வரிசை. கறுப்புப் பைகளில் மண்ணும் தேங்காய்நாரும் நிரப்பி மிளகாய் நட வேண்டும். நடும் முறையைத் திட்டமே சொல்லிக் கொடுக்கும், விதையையும் உரத்தையும் திட்டமே தரும். மற்றவர்கள் அரை மனதோடு நட்டார்கள். ராசம்மா உயிரைக் கொடுத்து நட்டாள். வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேரே திடலுக்குப் போவாள். எந்தச் செடி எந்தப் பக்கம் சாய்கிறது என்பதுகூட அவளுக்குத் தெரியும். டவுனில் காய்கறி மொத்தமாக எடுக்கும் சீனர் ஒருநாள் வந்து செடியைப் பார்த்துவிட்டு, தீபாவளிக்கு முன்னால் காய் வந்தால் வாராவாரம் தானே எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

அப்படி நடந்துவிட்டால், ஒருநாள் காலையில் பெரட்டுக்குப் போய், பெயர் கூப்பிடும்போது எல்லார் முன்னாலும், "மண்டோரே, என் பேர வெட்டிருங்க" என்று வீரமுத்துவின் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். ராசம்மா இந்த ஒரு வாக்கியத்தைக் குளிக்கும்போது சொல்லிப் பார்த்திருக்கிறாள், சோறு வடிக்கும்போது சொல்லிப் பார்த்திருக்கிறாள், மருந்தடித்துக்கொண்டே மூக்குத்துணிக்குள் முணுமுணுத்தும் பார்த்திருக்கிறாள்.

திட்டம் வந்தது ஆடி மாதத்தில். தோட்டத்து மண்டபத்தில் வெள்ளைத்துணி கட்டி, நர்மதா மிஸ் படம் காட்டிப் பாடம் எடுத்தாள். பத்து பாகாட் டவுனிலிருந்து சொந்தக் காரில், சொந்தக் காசில் எண்ணெய் போட்டு வருகிற பெண். படித்த பெண் என்றாலும் மண்ணில் கைவைக்கக் கூச்சப்படாதவள். முதல் பாடம் மண். இரண்டாவது நாற்று. மூன்றாவது பூச்சி. நாலாவது பாடத்துக்கு ஒரு பம்பின் படம் திரையில் வந்ததுதான் தாமதம், திட்டத்துத் தலைவர் சபாபதி வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"மிஸ், மூடுங்க மூடுங்க. ஒய்.பி. பாலத்துகிட்ட வந்துட்டாராம். திரைய அவுத்துட்டு பேனர மாட்டணும். அம்மாமார்களே, கொஞ்சம் எந்திரிச்சு நாற்காலிய முன்னுக்குப் போடுங்க."

எழுந்து நாற்காலி போட்டார்கள். தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரான ஒய்.பி. வந்தார். சபாபதி ஆடிப்பட்டம் தேடி விதை என்று தொடங்கி, ஒய்.பி.யைத் தேடி மாலை போட்டு, பேசி முடிக்கும்போது சோறு ஆறிப்போயிருந்தது. அதன்பின் லோரியிலிருந்து புதுப் பம்புகளை இறக்கினார்கள். ஆரஞ்சு நிறத் தொட்டி, கறுப்பு வார், கைப்பிடி மட்டும் வெளியே தெரிய மேலே பிளாஸ்டிக் உறை. தோட்டத்து மருந்துப் பம்புகளைப் போல ஒழுகிக் காய்ந்து கறை பிடித்தவை அல்ல. ஒய்.பி. ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தார்.

ராசம்மா சும்மா வாங்கவில்லை. கத்தியோ சைக்கிளோ, கைக்கு வருகிற எந்தப் பொருளையும் பொட்டு வைக்காமல் எடுத்துப் பழகாத ஆட்கள் அவர்கள். முனியாண்டி கோயில் குங்குமத்தை நல்லெண்ணெயில் குழைத்து வெற்றிலையில் மடித்துக் கொண்டுவந்திருந்தாள். கட்டைவிரலால் தொட்டு, கைப்பிடியில் அழுத்தமாக ஒரு பொட்டு வைத்தாள். ஒய்.பி.க்கு அது பிடித்துப்போய், இன்னொரு தரம் வைக்கச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

ஒய்.பி.யின் கார் பாலத்தைத் தாண்டியதும் சபாபதி மைக்கைப் பிடித்தார். "அம்மாமார்களே, பம்பையெல்லாம் இங்கியே வச்சிட்டுப் போங்க. நம்பர் ஒட்ட வேண்டியிருக்கு. அடுத்த வாரம் வீடு தேடி வந்துரும்."

அந்த அடுத்த வாரம் ஆவணியிலும் வரவில்லை, புரட்டாசியிலும் வரவில்லை.

புரட்டாசி கடைசியில் பூ கொட்ட ஆரம்பித்தது. காலையில் போய்ப் பார்த்தால் கறுப்புப் பையைச் சுற்றி வெள்ளையாய் உதிர்ந்து கிடக்கும். ராசம்மா படம் எடுத்து நர்மதாவுக்கு அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் குரல் பதிவு வந்தது.

"ஆன்ட்டி, அது கால்சியம் சத்து கொறை. பயப்படாதீங்க. போன தடவ நான் ஒரு பாட்டில் குடுத்தேன்ல, அத தண்ணில கலந்து எல மேல அடிங்க. அடியிலயும் படணும். இந்த ஞாயித்துக்கெழமைக்குள்ள அடிச்சிருங்க, இல்லாட்டி காய் பிடிக்காது."

"அடிக்கிறதுக்குப் பம்பு, மிஸ்?"

"இந்த வாரம் வந்துரும்னு சொல்லியிருக்காங்க, ஆன்ட்டி. நானும் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்."

பால் டின்னில் ஓட்டை போட்டுத் தெளித்துப் பார்த்தாள். தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்து, நிற்கிற பூவையும் தட்டிவிட்டது. வேறு வழியில்லாமல் சனிக்கிழமை வேலை முடிந்ததும் வீரமுத்துவிடம் போய் நின்றாள்.

"பம்பா? எடுத்துக்க. திங்கக்கெழம பெரட்டுக்குக் கொண்டாந்துரணும். ஒடஞ்சா நான் கேக்கமாட்டேன், ஆபீஸ் கேக்கும்."

வேண்டாத சாமியில்லை என்பதுபோல் அன்று அவள் கழுவாத கழுவு இல்லை. வீட்டுக் குழாயடியில் பம்பை வைத்து, சவக்காரத் தூள் போட்டுக் குலுக்கி, நுரை வரும்வரை அடித்து, நுரை போகும்வரை அடித்து, மறுபடி தண்ணீர் பிடித்துக் குலுக்கினாள். டியூப்பைக் கழற்றி ஊதினாள். முனையைப் பழைய பல்துலக்கி வைத்துத் தேய்த்தாள். அவள் புருஷன் சின்னத்தம்பி கிளுவாங்கில் ஒரு தொழிற்சாலையில் காவல் நிற்கும் ஜாகா வேலை பார்ப்பவர். வேலைக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வாசலில் நின்று பார்த்தார்.

"பம்பக் கழுவுறியா, செஞ்ச பாவத்தக் கழுவுறியா? மீட்டர் ஓடுது லா."

"ஓடட்டும். நீங்க வேலையப் பாத்துக்கிட்டுப் போங்க."

கடைசியில் தொட்டியின் வாய்க்குள் மூக்கை நுழைத்து நன்றாக இழுத்துப் பார்த்தாள். மருந்தடிக்கிற பெண்களுக்கு மூக்குதான் இன்ஸ்பெக்டர். பழுப்பு மருந்தின் வாசம் முடியில் ஏறினால் சீயக்காய் போட்டாலும் லேசில் போகாது. அந்த வாசம் பம்பில் துளிகூட இல்லை. அவளுக்குத் திருப்தியாக இருந்தது. வெள்ளைத் தூளுக்கு வாசமே கிடையாது என்பதை யாரும் அவளிடம் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுமுன்னே அடித்தாள். மேல் இலை, கீழ் இலை, பூக்காம்பு என்று ஒவ்வொரு செடியையும் குழந்தைக்கு முகம் கழுவி விடுகிற மாதிரி சுற்றிச் சுற்றி அடித்தாள். முதுகில் பம்பு இருந்தும் மூக்குத்துணி கட்டாமல் நிற்பது அவளுக்குப் புதிதாக இருந்தது. தூரத்தில் ரயில் ஒன்று லாயாங் லாயாங் பக்கம் போனது. அவள் பாட்டு முணுமுணுத்தாள் என்று பிறகு காளியம்மா சொன்னாள்.

ஒரு வாரத்துக்குள் கொழுந்து மஞ்சளானது. அடி இலைகள் பச்சையாகவே இருந்தன, நுனி மட்டும் வெளுத்துச் சுருங்கியது. புது இலை விடவில்லை. மிச்சமிருந்த பூவும் ஒன்றாய்ச் சேர்ந்து கொட்டியது. பக்கத்து வரிசைகளில், ஒன்றும் அடிக்காமல் விட்ட செடிகள் பூவை உதிர்த்தாலும் உயிரோடு நின்றன. ராசம்மாவின் வரிசை மட்டும் நாளுக்கு நாள் நோயாளி போல் ஒடுங்கியது.

நர்மதா காரை நிறுத்திவிட்டு வந்தபோது கூடவே சபாபதியும் இறங்கினார். நர்மதா குனிந்து ஒரு கொழுந்தை ஒடித்தாள். இலையைத் திருப்பி வெயிலில் பிடித்தாள். நரம்பு ஊதா நிறத்தில் ஓடியிருந்தது. அவள் முகம் மாறிவிட்டது.

"ஆன்ட்டி, எந்தப் பம்புல அடிச்சீங்க?"

"தோட்டத்துப் பம்புலதான். கழுவிட்டுத்தான் அடிச்சேன். சத்தியமா கழுவுனேன், மிஸ்."

"அதுல ஏதாவது தூள் கலப்பாங்களா? வெள்ளையா?"

ராசம்மா தலையாட்டினாள்.

"அலமாக்..." என்று நர்மதா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஆன்ட்டி, அந்தத் தூள் கழுவுனா போகாது. பம்புலயும் டியூப்லயும் ஒட்டிக்கிட்டே இருக்கும். ஒரு ஊசிமுனை அளவு இருந்தாப் போதும், மிளகாச் செடி தாங்காது. இது இனிமே வராது, ஆன்ட்டி."

"வராதுன்னா?"

"செத்துப் போச்சு. நிக்கிறது மட்டும்தான் நிக்குது."

ராசம்மா பக்கத்துச் செடியைத் தொட்டுப் பார்த்தாள். பேச ஆரம்பித்தபோது குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"இத ஏன் மிஸ் எங்ககிட்ட சொல்லல?"

"அது நாலாவது பாடத்துல இருக்கு. பம்பு கழுவுறது, தனிப் பம்பு வச்சுக்கிறது, எல்லாம்..." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள்.

"நாலாவது பாடம். நாற்காலி போட்டமே, அந்தப் பாடமா?"

நர்மதா தலையைக் குனிந்துகொண்டாள்.

"கழுவுனா போகாதுன்னு சொல்றீங்க. நான் தெனமும் அதத்தான் முதுகுல சொமக்குறேன். ஒழுகி இடுப்பு வரைக்கும் எறங்கும். பம்புல ஒட்டுனது போகாதுன்னா, என் மேல ஒட்டுனது, மிஸ்? அது எத்தனாவது பாடத்துல இருக்கு?"

நர்மதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆன்ட்டி, என்னை என்னா பண்ணச் சொல்றீங்க? எனக்கே வருசா வருசம் காண்ட்ராக்ட்டு. ரெண்டு மாவட்டம் நான் ஒருத்தி பாக்குறேன். பம்பு பம்புன்னு எழுதி எழுதிப் போட்டுட்டேன்..."

"பம்பு எங்க, தலைவரே?" ராசம்மா சபாபதியிடம் திரும்பினாள். "நம்பர் ஒட்டிக்கிட்டே இருக்கீங்களா? நான் என்னா லாட்டரிக்கா நம்பர் கேட்டேன்? ஒரு பம்பு. அன்னிக்கு என் கையில குடுத்த பம்பு. அது இருந்திருந்தா நான் ஏன் தோட்டத்துப் பம்பத் தொடப்போறேன்?"

சபாபதி தொண்டையைச் செருமினார். மேடையில் வருகிற அதே செருமல். "கோவப்படாதீங்கம்மா. மேல ப்ரோசஸ் நடக்குது. நடந்தது நடந்துபோச்சு. ஒரு வகையில பாத்தா இதுவும் நல்லதுக்குத்தான்."

"நல்லதுக்கா?"

"வர்ற வியாழக்கெழம சாஆ டவுன் பக்கத்துல இருந்து புதுக் குழு பஸ்ல வருது. அவங்களுக்கு இத நேர்லயே காட்டிரலாம். படத்துல பாக்கிறதுக்கும் கண்ணால பாக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்குல்ல. அதனால செடிய அப்படியே விட்டு வைங்க, பிடுங்கிறாதீங்க. நீங்களும் வந்து மைக்குல ரெண்டு வார்த்த சொல்லுங்க. நான் தப்புப் பண்ணிட்டேன், நீங்க பண்ணாதீங்கன்னு. திட்டத்து டி-ஷர்ட் ஒண்ணு தரச் சொல்றேன்."

ராசம்மாவுக்குக் காதுக்குள் இரைந்தது. கையில் கல் இருந்தால் எறிந்திருப்பாள். "நான் தப்புப் பண்ணேன்னு நானே சொல்லணும். டி-ஷர்ட் போட்டுக்கிட்டுச் சொல்லணும்."

"ஒரு உதாரணத்துக்கும்மா."

"என் செடி. நான் விடமாட்டேன்."

சபாபதியின் குரலில் இருந்த மேடை மரியாதை இறங்கியது. "செடி உங்களுது சரி. மண்ணு, பை, விதை எல்லாம் திட்டத்துது. நிலம் தோட்டத்துது. அதயும் யோசிச்சுப் பேசுங்க."

மறுநாள் ராசம்மா வீரமுத்துவிடம் அந்தத் தூளைப் பற்றிக் கேட்டபோது அவர் பாக்கைத் துப்பிவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார். "அந்தத் தூளா? ஒட்டுனா லேசுல போகாதுன்னு மருந்துக் கடைக்காரன் அப்பவே சொன்னான். செம்பனைக்கு ஒண்ணும் ஆகாது, அதனால நமக்கு அது எதுக்குன்னு விட்டுட்டேன்."

புதன்கிழமை சாயங்காலம் ராசம்மா திடலுக்குப் போனாள். பார்த்துக்கொண்டே நின்றாள். இத்தனை நாளும் ஒரு இலை பழுத்தால் அதை மட்டும் பார்த்துக் கிள்ளிவிடுவாள். அன்று கிள்ளவில்லை. முதல் செடியைக் கழுத்தோடு பிடித்து இழுத்தாள். வேர் மண்ணோடு வந்தது. வேரில் ஒரு குறையும் இல்லை, வெள்ளை வெளேரென்று இருந்தது. அதைப் பார்த்ததும்தான் அழுகை வந்தது. அழுதுகொண்டே அடுத்ததை இழுத்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது, காளியம்மா ஒன்றும் கேட்காமல் அந்தப் பக்கத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தாள். நடுவில் இருவரும் சந்தித்தபோது வரிசையில் ஒரு செடியும் இல்லை. பிடுங்கியதையெல்லாம் திடலோரத்தில் குவியலாக எறிந்துவிட்டுப் போனார்கள்.

"காட்டட்டும் இப்ப," என்றாள் காளியம்மா.

வியாழக்கிழமை வீரமுத்து கும்பலைக் கால்வாயோரத்து பிளாக்கில் இறக்கிவிட்டார். வேண்டுமென்று செய்தாரா, அன்றைய முறை அதுவா என்று தெரியவில்லை. முதல் பம்பை நிரப்பிக்கொண்டு வரிசைக்குள் போகும்போதே அந்தப் பக்கம் பேனர் கட்டியிருப்பது தெரிந்தது. கன்வாஸ் பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கி. சபாபதி வெறும் பைகளின் முன்னால் நின்று கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தார். பஸ் வரும் நேரம் போலிருந்தது.

கொஞ்ச நேரத்தில் திட்டத்து ஆட்கள் இருவர் குவியலைக் கிளறினார்கள். வாடித் தொங்கிய செடிகளை ஒவ்வொன்றாக எடுத்துவந்து பைக்குள் மறுபடி நட்டார்கள். நின்றால்தானே? ஒவ்வொன்றுக்கும் குச்சி ஊன்றி, சிவப்பு நாரால் கழுத்திலும் இடுப்பிலும் கட்டினார்கள். நர்மதா தூரத்தில் காருக்குப் பக்கத்தில் நின்று மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடியே ராசம்மா, இங்க பாரு!" காளியம்மா பம்பு முதுகில் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். "பொணத்தத் தோண்டியெடுத்து நிக்க வைக்கிறானுங்கடி!" சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. துடைக்கக் கையைக் கொண்டுபோனவள், கையில் மருந்து இருப்பது நினைவு வந்து நிறுத்திக்கொண்டாள். சிரிப்பும் நின்றுபோனது.

பஸ் வந்தது. பெண்கள் இறங்கினார்கள். எல்லோர் தலையிலும் பச்சைத் தொப்பி. வருசக்கணக்காகப் பம்பு சுமந்து மண்டோர்களிடம் உயிரை விட்ட கும்பல் என்று நடையிலேயே தெரிந்தது, தோள் ஒரு பக்கம் சாய்ந்த நடை. நர்மதா மைக்கை எடுத்தாள். செம்பனை வரிசைக்குள் அவள் குரல் தெளிவாகக் கேட்டது.

"இன்னிக்கு நாம முதல்லியே நாலாவது பாடத்தப் பாக்கப் போறோம். பம்பு கழுவுறது. இங்க நிக்கிற செடியெல்லாம் பாருங்க. தோட்டத்துப் பம்புல அடிச்சதால இப்படி ஆச்சு. அந்தத் தூளுக்கு வாசம் கெடையாது. மோந்து பாத்தாத் தெரியாது. சவக்காரத் தண்ணியில போகாது. அம்மோனியா ஊத்தி ஊறவைக்கணும், டியூப்ப மாத்திரணும். அதவிட நல்லது, செடிக்குன்னு தனிப் பம்பு..." அங்கே குரல் தடுக்கியது. கால்வாய்க்கு இந்தப் பக்கம் நிற்கும் ஆட்களை அவள் பார்த்திருக்க வேண்டும். "...தனிப் பம்பு வச்சுக்கணும்."

ராசம்மா அசையாமல் நின்று முழுப் பாடத்தையும் கேட்டாள். முதுகில் பம்பு ஒழுகி இடுப்பை நனைத்தது.

"என்னா நிக்கிற? காதுலயா மருந்தடிக்கிற?" என்று வீரமுத்து பின்னாலிருந்து கத்தினார்.

அவள் கைப்பிடியை அழுத்தினாள்.

அந்தப் பக்கம் சபாபதியின் குரல் எழுந்தது. "அதுக்காகத்தான் நம்ம திட்டம் இன்னிக்கு உங்க ஒவ்வொருத்தர் கையிலயும் புத்தம்புதுப் பம்பு குடுக்குது!" கைதட்டல் கேட்டது. ஆரஞ்சு நிறம் கை மாறுவது மரங்களின் இடைவெளியில் தெரிந்தது. வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். செத்த செடிகளும் படத்தில் வரும்படி கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள்.

பம்பு தீர்ந்து ராசம்மா கை கழுவக் கால்வாய்க்கு வந்தபோது அவர்கள் பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பலகைப் பாலத்துக்கு அந்தப் பக்கம், செம்பனை நிழலில், புதுப் பம்புகளை வரிசையாக வைத்திருந்தார்கள். வெயில் படக்கூடாது என்றுதான் இருக்கும். அவள் பாலத்தைத் தாண்டினாள். ஏன் தாண்டினாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஓரத்திலிருந்த பம்பின் கைப்பிடியில் ஒரு பொட்டு இருந்தது.

எண்ணெய் ஊறிக் கறுத்த குங்குமம். அகலமான கட்டைவிரல். அது அவள் வைத்த பொட்டுதான். பக்கத்தில் ஒரு சந்தனப் பொட்டு காய்ந்து வெடித்திருந்தது. அதையொட்டி மஞ்சள் ஒன்று. கீழே இன்னொரு குங்குமம், அதில் ஒரு அரிசிமணி ஒட்டிக்கொண்டிருந்தது. கைப்பிடியைத் திருப்பினாள். பின்பக்கமும் இருந்தது. சின்ன விரல், பெரிய விரல், அவசரத்தில் இழுத்துவிட்ட விரல். எந்த எந்தத் தோட்டமோ, யார் யார் கையோ.

"அக்கா, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?"

பச்சைத் தொப்பி போட்ட ஒருத்தி கையைக் கழுவிய ஈரத்தோடு வந்து நின்றாள். ராசம்மாவைவிட வயது குறைவு. விரல் நகங்கள் மட்டும் ராசம்மாவுடையதைப் போலவே கறுத்திருந்தன. மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாள்.

"என் பம்பு அது. படம் எடுக்கிற அவசரத்துல பொட்டு வைக்க முடியல. வைக்காம தூக்கிட்டுப் போனா மனசு கேக்காதுல்ல."

"மருந்தடிக்கிற வேலையா?" என்றாள் ராசம்மா.

"ஆமாக்கா. கல்யாணத்துக்கு முந்தியிலருந்து." அவள் ராசம்மாவின் முதுகுப் பம்பைப் பார்த்து நட்போடு சிரித்தாள். "இத்தோட விட்டுரலாம்னு இருக்கேன். மிளகா மட்டும் நல்லா வந்துட்டா, பெரட்டுல வச்சே சொல்லிருவேன், மண்டோரே என் பேர வெட்டிருங்கன்னு."

பந்தலில் மைக் செருமியது.

"அம்மாமார்களே, சாப்ட்டு முடிச்சவங்க நேரா பஸ்ஸுல ஏறுங்க. பம்பு அங்கியே இருக்கட்டும். நம்பர் ஒட்ட வேண்டியிருக்கு. அடுத்த வாரம் வீடு தேடி வந்துரும்."

லோரி ஒன்று பின்பக்கமாக நிழலை நோக்கி வரத் தொடங்கியது.

"வுட்டுராத," என்றாள் ராசம்மா. "கெட்டியாப் பிடிச்சுக்க. யாரு வந்து இழுத்தாலும் குடுக்காத."

அந்தப் பெண் அதை விளையாட்டுப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தாள். சிரித்தபடியே விரலைக் குங்குமத்தில் தொட்டு, கைப்பிடியை நோக்கிக் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள். லோரியின் பின்கதவு திறந்து விழுந்தது. குங்குமம் தொட்ட அவளுடைய விரல் கைப்பிடியின் மேல் இப்படியும் அப்படியுமாகப் போய், வெறுமையாக ஒரு இடம் தேடிக்கொண்டிருந்தது.